நிலம் கைமாறிய பிறகு சிஆர்பி வாடகைத் தொகை வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி: விச்சிட்டாவாசி

வணக்கம். மேற்கு கான்சாஸில் உள்ள ஒரு கவுண்டியில் கடந்த ஜூன் மாதம் 160 ஏக்கர் நிலம் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதை, சாகுபடி செய்யாமல் விடும் நிலத்துக்கு அமெரிக்க அரசு ஆண்டு வாடகை தரும் சிஆர்பி எனப்படும் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து, சாகுபடியை நிறுத்திப் புல் விதைத்திருந்தார். பத்தாண்டு ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டுகள் மீதமுள்ளன. பக்கத்து நிலத்துக்காரருக்கு அக்டோபரிலேயே ஆண்டு வாடகை வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. பத்திரம் என் பெயரில் பதிவாகிவிட்டது. ஒப்பந்தம் நிலத்தோடு தானாகவே வந்துவிடும் என்று கிரயம் முடித்துக் கொடுத்தவர்கள் கூறினார்கள். எங்கே தடைபட்டிருக்கும்?

மறுமொழி: நெப்ராஸ்கா உழவன்

தானாக வராது. பத்திரப் பதிவு வேறு, இத்திட்டத்தை நடத்தும் வேளாண் சேவை முகமையான எஃப்எஸ்ஏ வைத்திருக்கும் ஒப்பந்தம் வேறு. அந்த ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் செல்லும். உங்கள் கவுண்டிக்குரிய எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குப் பத்திர நகலுடன் உடனே சென்று, ஒப்பந்தத்தில் முந்தைய உரிமையாளரின் இடத்தை ஏற்பதாகச் சொல்லுங்கள். ஒப்பந்தப் படிவமான சிஆர்பி-1 திருத்தப்பட்டு, அதில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். கூடவே, அரிப்புக்குள்ளாகும் நிலம், ஈரநிலம் பற்றிய உறுதிமொழியான ஏடி-1026, வருமான வரம்புக்கான சிசிசி-941, பண்ணைச் செயல்திட்டமான சிசிசி-902, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவையும் தேவைப்படும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொகை நின்றுவிடும்.

விற்றவர் ஒத்துழைப்பாரா என்று அஞ்ச வேண்டாம். நீங்கள் ஏற்காமல் ஒப்பந்தம் முறிந்தால், அதுவரை பெற்ற தொகை முழுவதையும் வட்டியோடு அவர்தான் திருப்பிக் கட்ட நேரிடும். விவரம் தெரிந்தவராக இருந்தால், உங்களைவிட அவர்தான் அவசரப்படுவார்.

விச்சிட்டாவாசி

மிக்க நன்றி. வாங்கிப் பன்னிரண்டு மாதம் ஆகாத நிலத்துக்குச் சிஆர்பி கிடையாது என்றும் ஒருவர் சொன்னார். அது என்னைப் பாதிக்குமா?

நெப்ராஸ்கா உழவன்

பாதிக்காது. அது புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கான நிபந்தனை. நடப்பு ஒப்பந்தத்தை ஏற்பவருக்குப் பொருந்தாது.

மறுமொழி: டல்லாஸ் கணக்காளர்

நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சேர்க்கிறேன். நீங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவரா, அல்லது எச்-1பி விசாவில் இருப்பவரா? பின்னதாக இருந்தால், நிலத்தையும் மூலதனத்தையும் தருவதோடு கணிசமான உடலுழைப்பையும் தந்தாலொழிய இத்தகைய தொகைகளுக்குத் தகுதி இல்லை. சும்மா வளர்ந்து நிற்கும் புல்லில் அந்த உழைப்பைக் காட்டுவது கடினம். அதோடு, வெளிநாட்டவர் வேளாண் நிலம் வாங்குவது பற்றிய 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் வாங்கிய 90 நாட்களுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தில் அதைத் தெரிவித்திருக்க வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை போகலாம்.

விச்சிட்டாவாசி

எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு உள்ளது. பத்திரம் இருவர் பெயரிலும் இருப்பதால், இருவரும் கையெழுத்திட வேண்டுமா? இதற்கிடையே புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. தீவனத்துக்கு அறுத்து விற்கலாமா?

நெப்ராஸ்கா உழவன்

இருவருமே கையெழுத்திட வேண்டும். வாடகையில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் அதே படிவத்தில் குறித்துவிடுங்கள். புல்லைத் தொடவே வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அறுப்பது விதிமீறல். மற்றப் பருவங்களிலும் முன் அனுமதி இல்லாமல் அறுத்தாலோ மேய்த்தாலோ, வர வேண்டிய வாடகையிலேயே பிடித்துக்கொள்வார்கள்.