வெயில் வந்தால் அருவி வெள்ளைச் சுவர் ஆகிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம் அண்ணா. போன வாரம் குற்றாலம் பேரருவியைப் படம் எடுத்தேன். தண்ணீர் பட்டு நூல் மாதிரி விழ வேண்டும் என்று ட்ரைபாடில் வைத்து, ஷட்டர் பிரையாரிட்டியில் (நேரத்தை நாம் வைத்தால் லென்ஸ் துளையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்) 1/2 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100. மேகம் மூடியிருந்தவரை அருமையாக வந்தது. வெயில் அடித்ததும் தண்ணீரில் ஒரு கோடுகூட இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர்தான். அப்போது எஃப்/22 என்ற லென்ஸ் துளை எண் மின்னிக்கொண்டே இருந்தது. ஃபில்டர் எதுவும் என்னிடம் இல்லை.

பதில்:
தம்பி, அந்த எண் மின்னியதுதான் விடை. எஃப் எண் கூடக் கூட லென்ஸ் துளை சுருங்கும், அதற்கு மேல் மூடாது என்று கேமரா சொல்கிறது. நல்ல வெயிலில் எஃப்/22-க்கு 1/50 விநாடியே போதும். 1/2 விநாடி திறந்தால் நாலு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கூடுதல் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). அவ்வளவு வெளுத்த தண்ணீரை கேமரா பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில்கூட மீட்க முடியாது.

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர், 6 ஸ்டாப்பில் ஒன்று வாங்குங்கள். எஃப்/11-லேயே 1/3 விநாடி கிடைக்கும், எஃப்/22-வில் வரும் மழுங்கலும் இருக்காது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாறை கறுத்தால் பரவாயில்லை, அதைப் பிறகு தூக்கிவிடலாம்.

இன்னொரு பதில்:
ஃபில்டர் மொத்த வெளிச்சத்தைத்தான் குறைக்கும். வெயில் பட்ட தண்ணீருக்கும் நனைந்த கரும்பாறைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அதனால் வெயில் வந்ததும் நான் பட்டு நூல் ஆசையை விட்டுவிடுவேன். 1/1000, எஃப்/5.6 வைத்துப் பாருங்கள்: அருவியின் நடுவே உள்ள பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து எகிறும் தண்ணீர் துளித்துளியாக நிற்கும். சூரியன் முதுகுப் பக்கம் தாழ்வாக இருந்தால் சாரலில் வானவில்லும் கிடைக்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் மட்டும் கவனம், ஒரு கோணத்தில் வானவில்லை அது அழித்தே விடும்.

பட்டு நூலுக்கு மாலையில் போங்கள். குற்றாலம் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். நிழலில் படம் நீலம் பாயும், நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 6500 கெல்வினுக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. சாரல் லென்ஸில் படிவதற்கு என்ன வழி? குளிப்பவர்களும் ஆவி மாதிரி கலங்கித் தெரிகிறார்கள்.

பதில்:
லென்ஸ் முன்னால் மாட்டும் வளையமான ஹூட் மாட்டி, ஷட்டரை அழுத்தும்வரை துணியால் லென்ஸை மூடியே வையுங்கள். மூன்று நாலு காய்ந்த துணிகள் வேண்டும், ஒன்று பத்தே நிமிடத்தில் ஊறிவிடும். கூட்டத்துக்கு ஒரே வழி, கீழே விட்டுவிட்டு அருவியின் மேல்பாதியை மட்டும் ஃப்ரேமில் வைப்பது. என் கண்ணுக்கு அந்த மேல்பாதிதான் அழகு.