உதவி தேவை: கியர்பாக்ஸுக்கு எண்ணெய்க் கூலரும் பம்பும் பொருத்துவது எப்படி?

கிள்ளான்_மணி:
வணக்கம். சிப்பாங் கார்ப் பந்தயத் தடத்தில் சில சுற்றுகள் வேகமாக ஓட்டியதும் என் காரில் கியர் இறுகிக்கொள்கிறது. பின் நேர்ப்பாதையின் முடிவில், 15ஆம் வளைவுக்காகக் கீழ்க் கியருக்கு இறங்கும்போது உரசல் சத்தத்தோடுதான் விழுகிறது. எண்ணெய் சூடேறுவதே காரணம் என்பதால் மின்சாரப் பம்பும் சிறிய கூலரும் வாங்கிவிட்டேன். வடிகால் திருகு வழியாக எண்ணெயை எடுத்து, நிரப்பும் துளை வழியாகத் திருப்பி அனுப்பலாமா? அடுத்த டிராக் நாள் நெருங்கிவிட்டது.

தடம்15:
என்ன கார், எத்தனை கியர், எந்த எண்ணெய், இன்ஜினில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்ற நான்கையும் சொல்லுங்கள்.

பழைய_பற்சக்கரம்:
எண்ணெயின் வெப்பநிலை எவ்வளவு என்று ஒருமுறைகூட அளக்காமல் கூலர் வாங்குபவர்களுக்குப் பதில் எழுதி எனக்குச் சலித்துவிட்டது. தம்பி, முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப் பொருத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

ஈப்போ_குணா:
எண்ணெயில்தான் கோளாறு. யாரோ ஜிஎல்-5 தர கியர் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் விழும் முன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்பவை) அரித்துவிடும். கந்தகம் குறைந்த ஜிஎல்-4 தரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கிள்ளான்_மணி:
2001 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், ஆறு கியர். டர்போ பொருத்தியிருக்கிறேன். எண்ணெய் 75டபிள்யூ-90 தடிமன், ஜிஎல்-5 தரம். வெப்பநிலை அளக்கவில்லை.

சுங்கை_பட்டறை:
டர்போ என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேராக விஷயத்துக்கு வந்திருக்கலாம். அந்த ஆறு கியர் பெட்டி ஐசின் நிறுவனத்தின் ஏஇசட்6 வகை. நிஸான் சில்வியா எஸ்15 காரிலும் அதே குடும்பத்துப் பெட்டிதான். அது கொள்ளும் எண்ணெய் இரண்டு லிட்டருக்கும் குறைவு என்பதால், டர்போ தரும் கூடுதல் விசையோடு வெப்பமான நாளில் ஓட்டினால் சூடு வேகமாக ஏறும் என்பது உண்மைதான்.

ஆனால் வடிகால் திருகிலிருந்து நேராக உறிஞ்சாதீர்கள். உலோகத் துகள்கள் அடியில்தான் படியும். வடிகட்டி இல்லாமல் அவை பல்சக்கர வகைப் பம்புக்குள் போனால் பம்ப் சிக்கிக்கொள்ளும். ஆகவே பம்புக்கு முன்னால் எண்ணெய் ஓட்டத்தை நெரிக்காத உலோக வலை வடிகட்டி ஒன்று வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் அழுத்தப் பக்கத்து ஹோஸைவிடப் பருமனாக இருக்க வேண்டும். பம்பும் கியர்பாக்ஸுக்கு அருகில், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே அமைய வேண்டும். இவ்வகைப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, உயரத்துக்கு இழுப்பதில் அல்ல. குளிர்ந்த 75டபிள்யூ-90 தடித்திருப்பதால், வண்டியைக் கிளப்பியதுமே பம்ப் ஓடினால் மோட்டார் திணறி ஃபியூஸ் போய்விடும். ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியஸில் இயங்கும் வெப்பச் சுவிட்ச் ஒன்றை ரிலே (மின்சார இடைச் சுவிட்ச்) வழியாக இணையுங்கள். கூலரும் ஹோஸும் நிறையும்வரை பம்பை ஓட்டியபின் எண்ணெய் மட்டத்தை மறுபடி பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

தடம்15:
பம்ப் பேச்சை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தீர்களா? அப்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பம் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை (பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் உருளை) எட்டக்கூடும். அதிலுள்ள டாட் 4 வகைத் திரவம் கொதித்துக் குமிழி விட்டால் கிளட்ச் முழுதாக விடுபடாது; ஈரம் உறிஞ்சிய பழைய திரவத்தின் கொதிநிலை 155 பாகை வரை இறங்கலாம். குழாயின் வெப்பம் பக்கத்திலேயே இருந்தால் அதை எட்டுவது கடினமல்ல.

ஈப்போ_குணா:
கிளட்ச் இருக்கட்டும், ஜிஎல்-5 எண்ணெயை வடித்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

பழைய_பற்சக்கரம்:
இந்தப் பெட்டிக்கு மாஸ்டாவின் கையேடே ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்களில் பல பித்தளையைத் தாக்காதவாறு கட்டுப்படுத்தப்பட்ட கந்தகத்தையே கொண்டிருக்கின்றன. படித்துவிட்டு எழுதுங்கள்.

ஈப்போ_குணா:
ஐயா, அரிப்பை விடுங்கள், உராய்வைப் பேசுவோம். சிங்க்ரோ வளையம் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால், பற்சக்கரத்தின் வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதும். கையேடு எழுதியவர்கள் டர்போ வண்டியை மனத்தில் வைத்து எழுதவில்லை.

சுங்கை_பட்டறை:
இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது, ஆனால் மணியின் பிரச்சினை சூடேறிய பிறகு மட்டுமே வருகிறது. எண்ணெய் வகை தவறானால் காலையில் முதல் சுற்றிலேயே தெரிந்திருக்கும். மணி, வடிகால் திருகில் வெப்ப உணரி ஒன்றைப் பொருத்தி ஒரு நாள் ஓட்டுங்கள். 130 பாகையைத் தாண்டினால் கூலர் கட்டாயம் வேண்டும்; 110-ஐச் சுற்றியே நின்றால் நல்ல செயற்கை எண்ணெயே போதும்.

தடம்15:
அதற்கு முன் கிளட்ச் திரவத்தை மாற்றி, ஸ்லேவ் சிலிண்டருக்கும் குழாய்க்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். செலவு மிகக் குறைவு.

கிள்ளான்_மணி:
திரவம் கறுத்துப்போயிருந்தது, மாற்றினேன், தகடும் வைத்தேன். நேற்று சிப்பாங்கில் கடைசிச் சுற்றுவரை கியர் சுத்தமாக விழுந்தது. எண்ணெய் 114 வரை போனது. பம்ப் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

சுங்கை_பட்டறை:
மகிழ்ச்சி. 114 என்பது வடிகால் திருகில் எடுத்த அளவா, கியர்பாக்ஸின் வெளிச்சுவரில் எடுத்ததா? சுவரில் என்றால் உள்ளே எண்ணெய் இன்னும் சூடாக இருந்திருக்கும். டிஃபரென்ஷியலையும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) அளந்தீர்களா?