காவடிக்கு லீவு உண்டா? நாடு வாரியாக அனுபவப் பகிர்வு

கத்ர் போர்ன், மொரிசியஸ்

வெளிநாட்டுக் காவடியைப் பற்றி எழுதுகிறவர்கள் அலகையும் மயிலிறகையும் எழுதுகிறார்கள், அந்த ஊரில் அன்றைக்கு லீவு உண்டா என்பதை விட்டுவிடுகிறார்கள். விரதம் என்றைக்குத் தொடங்கும், ஊர்வலம் எத்தனை மணிக்குக் கிளம்பும், எவ்வளவு பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த லீவைப் பொறுத்ததுதான்.

மொரிசியஸில் தைப்பூசம் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. மகா சிவராத்திரி, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. (நம் சித்திரை வருடப்பிறப்பு மட்டும் இல்லை, அது தனிக் குறை.) ஆகவே இங்கே காவடியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளும் பேச்சே கிடையாது. 2024இல் ஜனவரி 25, வியாழன். 2025இல் பிப்ரவரி 11, செவ்வாய். 2026இல் பிப்ரவரி 1 ஞாயிறு, அதுவே அடிமைமுறை ஒழிப்பு நாளும் ஆயிற்று. இந்தத் தீவில் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பெருவாரியாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் நம் முன்னோர். இரண்டு நினைவும் ஒரே நாளில் வந்தது பொருத்தம் என்றே நான் நினைக்கிறேன்.

கொடியேற்றத்தோடு காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம். மீன், முட்டை, இறைச்சி, மது எதுவும் இல்லை. வீட்டில் விரதக்காரருக்குச் சட்டி பானை தனி, தரையில் பாய் போட்டுப் படுக்கை.

காவடிச் சட்டத்துக்குக் காய்ந்த மரம் வேண்டும். பச்சை மூங்கிலை வளைப்பது சுலபம். ஆனால் பத்து நாளில் அது காய்ந்து சுருங்கும்போது கட்டு தளர்ந்து, வளைவு ஒரு பக்கம் சாயும். பச்சையாகத்தான் கிடைத்தது என்றால், வளைத்துக் கட்டி ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். தோளில் படும் தண்டில் பழைய துணியை நாலு சுற்றுச் சுற்றி, மேலே மஞ்சள் துணி. அலங்காரம் முடிந்ததும் தண்டின் நடுவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து எலுமிச்சையையோ பூவையோ குறைக்க வேண்டும். பால் சொம்பு கட்டிய பிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

தென்கிழக்குக் காற்று இங்கே சும்மா இராது. வளைவு முழுவதையும் துணியால் மூடினால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து ஆளையே திருப்பிவிடும். தென்னங்குருத்துத் தோரணம்தான் நல்லது, இடையில் காற்றுப் போக வழி இருக்கும். குருத்தை முதல் நாள் சாயங்காலம் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். காலையில் வெட்டினால் பின்ன நேரம் போதாது.

மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் வழக்கத்தை எழுதுங்கள்.

டர்பன், தென்னாப்பிரிக்கா

ஐயா, உங்களுக்குக் கிடைத்த வசதி எங்களுக்கு இல்லை. இங்கே ஆண்டுக்குப் பன்னிரண்டு பொது விடுமுறை, அதில் ஒன்றுகூட இந்துப் பண்டிகை கிடையாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டம் இறங்கியதிலிருந்து இன்றுவரை தீபாவளியும் வேலை நாள்தான்.

எனவே பெரிய கூட்டமெல்லாம் கிறிஸ்தவ விடுமுறையில் சேர்ந்துகொள்கிறது. இசிப்பிங்கோ மாரியம்மனுக்குப் பெரிய திருவிழா புனித வெள்ளியை ஒட்டி. கேட்டோ மேனர் பக்கத்துக் கோயிலில் தீமிதியும் புனித வெள்ளியன்றே. வெள்ளிக்கும் லீவு, ஈஸ்டர் திங்களுக்கும் லீவு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குப் பயண நேரமும் கிடைக்கிறது. தைப்பூசக் காவடியைப் பல கோயில்களில் பூசத்தை ஒட்டிய ஞாயிறுக்கு வைக்கிறார்கள். அங்கேதான் கணக்குத் தவறுகிறது. கொடியேற்றத்தை நட்சத்திரத்திலிருந்து எண்ணுவதா, ஞாயிறிலிருந்து எண்ணுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பாதிப் பேர் விரதம் முடித்திருப்பார்கள், பாதிப் பேருக்கு இரண்டு நாள் பாக்கி இருக்கும். ஊர்வல நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காப்புக் கட்டும் தேதியைச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பதுதான் சரி. பூசத்தன்று மூலவருக்கு அபிஷேகம் நடந்துவிட வேண்டும், அதை நகர்த்தக் கூடாது என்பது என் கருத்து.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டுப் பொது விடுமுறைச் சட்டப்படி, முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 24 லீவை விட்டுக்கொடுத்துத் தீபாவளியன்று லீவு கேட்கலாம். வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லாக விட்டால், மேலாளர் மாறியதும் பேச்சும் போய்விடும்.

போர்ட் லூயி, மொரிசியஸ்

பால் திரிவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. சொம்பில் கொண்டுபோன பால் சந்நிதியில் திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம் என்று நம்புகிறோம். பால் திரிந்துபோனவர்கள் மனம் உடைந்து அழுவதைக் கோயிலில் பார்க்கலாம். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், பாத்திரத்தைக் கவனியுங்கள். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். கழுத்து மடிப்பில் துளி புளி தங்கினாலும் பால் கெட்டுவிடும். முதல் நாளே தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசி, கடைசியில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால் வேறு சொம்பு எடுங்கள். பாலைக் கிளம்பும்போதுதான் ஊற்ற வேண்டும், கழுத்து வரை. அரைச் சொம்பாக விட்டால் நடக்க நடக்க அலம்பும். வாய்க்கு வாழையிலையை அனலில் வாட்டி இரண்டு மடிப்பாக வைத்து நூலால் கட்டுங்கள். வாட்டாத இலை கிழியும்.

இங்கே ஆற்றங்கரையில் பூஜை முடித்துத்தான் காவடி கிளம்பும். வெயில் ஏறினால் பாலும் கெடும், தார்ச்சாலையில் காலும் பொத்துப்போகும். தெருக்காரர்கள் சாலையில் தண்ணீர் ஊற்றுவது மரியாதைக்கு மட்டும் இல்லை, பாதத்துக்காகவும்தான். ஆனால் கோர் த கார்த் மலைக்கோயில் மாதிரிப் படியேறும் இடத்தில் தண்ணீரும் பாலும் சேர்ந்து வழுக்கும். அங்கே படியோரம் கயிறு கட்டி ஆள் நிற்கட்டும்.

அலகு குத்துகிறவர் ஊசியை எண்ணிக் குத்தி எண்ணி எடுக்க வேண்டும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் பால்காவடி மட்டும் எடுங்கள். முருகன் குறையாகப் பார்க்க மாட்டான்.

சேன் ஆந்த்ரே, ரியூனியன்

எங்களுக்கு பிரான்ஸ் நாட்டு லீவுகளும், அவற்றோடு 1848இல் இங்கே அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் டிசம்பர் 20உம் உண்டு. தைப்பூசத்துக்குக் கிடையாது. கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள், பள்ளிக்கும் நீண்ட லீவு. பாஞ்சாலி அம்மனுக்குப் பதினெட்டு நாள் விரதம் இருந்து தீமிதிப்பது அந்தச் சமயத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

குழியில் எரிக்கும் விறகைப் பற்றி மட்டும் சொல்கிறேன், காயம் படுவது பெரும்பாலும் அதனால்தான். பழைய பலகை, பெட்டிக் கட்டை வேண்டவே வேண்டாம். உள்ளே ஆணி இருக்கும். கரி சூட்டை மெதுவாகத்தான் காலுக்குக் கடத்தும், இரும்பு உடனே கடத்திவிடும். நெருப்பு அடங்கித் தணலானதும் நீளக் கம்பியால் ஒரே உயரமாகப் பரப்பி, கல்லையும் எரியாத கட்டையையும் ஒதுக்குங்கள். மேடு பள்ளம் இருந்தால் கால் புதையும், புதைந்த கால்தான் வேகும். நடப்பவர் ஓடக் கூடாது. ஓடினால் முன்கால் தணலுக்குள் அழுந்தும். முடிவில் பால்குழி, அங்கே கை பிடித்து இறக்க இரண்டு பேர்.

ரோஸ் ஹில், மொரிசியஸ்

ஏழு கறியை மறந்துவிட்டீர்களே! காவடி இறங்கியதும் வாழையிலையில் அதுதான். வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். வழக்கமாக வாழைக்காய், பலாப்பிஞ்சு, பூசணி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பெரிய பயறு, சேப்பங்கீரை. கூடவே சோறு, ரசம், அப்பளம், பாயசம்.

நூறு பேருக்கு அரிசி 10 கிலோ போதும், கறி ஏழு இருப்பதால் சோறு குறைவாகத்தான் போகும். பலாப்பிஞ்சை நறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுங்கள். வாழைக்காயை மஞ்சள் கலந்த மோர்த்தண்ணீரில் போட்டால் கறுக்காது. சேப்பங்கீரைதான் ஆபத்து. அரைவேக்காடாக இறக்கினால் பந்திக்கே தொண்டை அரிக்கும். இலையில் உள்ள ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்கள்தான் காரணம். தண்டை உரித்து, புளி சேர்த்து, குழைய வேகவிட்டு, சமைத்தவர் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே பந்திக்குப் போக வேண்டும். கத்தரிக்காயைக் கடைசியில் வையுங்கள், சீக்கிரம் வைத்தால் கூழாகிவிடும்.

யாங்கோன், பர்மா

இங்கே தீபாவளி பொது விடுமுறை, தைப்பூசம் இல்லை. ஆனால் மொரிசியஸ்காரர்கள் ஏங்கும் சித்திரை முதல் நாள் எங்களுக்கு லீவில்தான் வரும். ஏப்ரல் நடுவில் வரும் திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்குள் 14ஆம் தேதி விழுந்துவிடுகிறது. ஒரு தொல்லை, கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் வீச்சு. அர்ச்சனைத் தட்டையும் பட்டுப்புடவையையும் நனையாமல் கொண்டுபோக வேண்டும் என்றால் விடிவதற்குள் போய் வந்துவிடுங்கள்.

கத்ர் போர்ன், மொரிசியஸ்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். லீவு கையில் இருந்தாலும் தைப்பூசம் எங்களுக்குப் புயல் காலத்தில் வருகிறது. 2024இல் பெலால் புயல் ஜனவரி 15 அன்று வந்து போர்ட் லூயியில் வெள்ளம், பத்தே நாளில் பூசம். இங்கே புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை. மூன்று வந்தால் எல்லோரும் வீட்டுக்குள், கோயில் வேலையும் நிற்கும். ஆகவே பந்தல் தகரத்தையும் தார்ப்பாயையும் கழற்றி மாட்டும்படி கயிற்றால் மட்டும் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். சொம்பு, வேல், விளக்கை மேட்டு வீட்டில் வையுங்கள். பூவை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டாம், மழை அடித்தால் முதலில் அழுகுவது சாமந்திதான்.