மிக்ஸிக்குப் போகாத புதினா: பழ பானம் போட்டவர்களும் குடித்தவர்களும்

(இது பலர் எழுதியது; ஒவ்வொரு நட்சத்திரக் குறிக்குப் பின்னும் எழுதுபவர் மாறுகிறார்.) விருந்துகளில் மது தொடாத ஆள் நான். கையில் வந்து சேருவது பாட்டில் கோலா, இல்லையென்றால் வெறும் தண்ணீர். போன கோடையில் ஒரு நண்பர் வீட்டில்தான் எங்களைப் போன்றவர்களையும் நினைத்து ஒரு ஜாடி வைத்திருந்தார்கள். தர்பூசணி, எலுமிச்சை, புதினா. போட்டவர் நண்பரின் மாமியார். இன்னொரு கிளாஸ் கேட்கிற சாக்கில் சமையலறையிலேயே போய் நின்றுகொண்டேன்.

அடுத்த ஜாடிக்குப் புதினாவை மிக்ஸியில் அடிப்பார் என்று பார்த்தால், அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு கப் தண்ணீரில் ஒரு கப் சர்க்கரை போட்டு, கரைகிற வரை சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பிடி புதினாவை முழுசாக உள்ளே போட்டு மூடினார். அரை மணி நேரம் கழித்து வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தார். “ஜில்லென்று இருக்கிற சாற்றில் சர்க்கரையைக் கொட்டினால் பாதி அடியிலேயே கிடக்கும் தம்பி. பாகாக இருந்தால் ஒரு கலக்கு போதும்” என்றார்.

புதினாவின் மணமெல்லாம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில்தான் இருக்கிறது. சூடோ லேசான நசுக்கலோ பட்டாலே வெளியே வந்துவிடும். மிக்ஸியில் அரைத்தால் இலைக்குள் இருக்கிற பச்சை வாடையும் கசப்பும் கூடவே இறங்கும். மிக்ஸியில் அடித்த பழ பானத்தில் வரும் அந்தத் தழை ருசிக்குப் பெரும்பாலும் பழம் காரணமில்லை.

அளவு கேட்பீர்கள் என்று தெரியும்: மசித்து வடிகட்டிய 4 கப் தர்பூசணிக்கு 2 எலுமிச்சை, 4 மேஜைக்கரண்டி பாகு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு நாக்கில் தெரியக் கூடாது. கசப்பை அமுக்கி இனிப்பைக் கொஞ்சம் தூக்கிவிட மட்டும்தான் அது.

*

பாகு முறை நல்லதுதான், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சூடான பாகில் ஊறிய புதினாவில் மணம் இருக்கும், அந்தப் பச்சைத் தழையின் புத்துணர்ச்சி இருக்காது, மூலிகை டீ போல ஆகிவிடும். என் அக்கா இலையை உள்ளங்கையில் வைத்து மற்ற கையால் ஒரு தட்டு தட்டி நேராகக் கிளாஸில் போடுவாள். அவ்வளவுதான். குடிக்கும்போது மூக்கில் ஏறுகிற வாசனை போதும், நாக்கு மீதியை நம்பிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

திருநீற்றுப்பச்சிலை போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அது அரைத்த கொஞ்ச நேரத்தில் கறுக்கும். இலையைக் கொதிநீரில் 10 முதல் 15 நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றிவிட்டு அரைத்தால் பச்சை நிறம் நிற்கும். கறுக்கவைக்கிற நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடுகிறது.

*

ஒரு ஹோட்டலில் மதுவில்லாத பானங்களுக்கென்றே இருந்தவர் எலுமிச்சையைக் கையாண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சாறு பிழிவதற்கு முன்பே தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவிக்கொண்டார். வெள்ளைப் பகுதி கசக்கும், அது வரவே கூடாது. 4 எலுமிச்சையின் தோலை அரை கப் சர்க்கரையோடு கையால் நன்றாகப் பிசைந்து மூடிவைத்தார். சில மணி நேரத்தில் சர்க்கரை தோலின் எண்ணெயையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கசிந்துவிடுமாம். நான் பார்த்தது முந்தைய நாள் ஊறியது. அதில் அந்த எலுமிச்சைச் சாற்றையே விட்டுக் கலக்கியதும் முழுக்கக் கரைந்தது. அடுப்பே தேவையில்லை. நாம் குப்பையில் போடுகிற தோலில் இருக்கிற மணம் சாற்றில் கிடையாது, குடித்தால் தெரியும்.

*

அன்னாசியோடு பால் சேர்க்கலாமா என்று என் மருமகள் கேட்டாள். சூடாக்காத அன்னாசியிலும் கிவியிலும் இருக்கிற நொதிகள் பாலின் புரதத்தை உடைக்கும். கொஞ்ச நேரத்திலேயே கசக்க ஆரம்பிக்கும். ஒரு கொதி விட்டு ஆறவைத்த பழமென்றால் பரவாயில்லை. எதற்கு வம்பு, இஞ்சியும் சோடாவும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

*

சோடா என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் காலையிலேயே சோடாவை ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டார்கள், மாலையில் அது வெறும் இனிப்புத் தண்ணீர். வாயு குளிர்ந்த நீரில்தான் அதிகம் தங்கும். எனவே சோடாவை நன்றாகக் குளிரவைத்து, பரிமாறும்போது ஊற்றி ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். அப்புறம், குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும். கலக்கும்போது சாதாரணச் சூட்டில் லேசாகத் தூக்கலாக இருந்தால்தான் பின்னால் சரியாக வரும்.

ஐஸுக்குப் பதில் உறைந்த திராட்சை போடுகிறார்கள், அழகுதான். சின்னக் குழந்தைகள் இருக்கிற இடத்தில் முழுத் திராட்சை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். உறையவைத்த தர்பூசணித் துண்டு போடுங்கள். அதுவும் பெரியவர்கள் கிளாஸில்.

*

எல்லோரும் ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் வேறொன்று சொல்கிறேன். அப்பாவுக்காக கிரேப்ஃப்ரூட்டும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) ரோஸ்மேரி இலையும் போட்டுப் பானம் செய்து வைத்திருந்தோம். மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்தாளுநர் பேச்சுவாக்கில் கேட்டதால் தெரிந்தது, அவர் சாப்பிடுகிற கொழுப்பு மாத்திரைக்கு அந்தப் பழம் ஆகாது. சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்றவற்றைக் குடலில் சிதைக்கிற நொதியை அது முடக்குவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். அப்பாவின் கிளாஸில் எலுமிச்சை வந்தது, ரோஸ்மேரி அப்படியே இருந்தது. வயதானவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் மாத்திரை அட்டையை எடுத்துப் போய்க் கேட்டுவிடுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். பாகு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருந்தார்கள். இலையை வடிகட்டி, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கலங்கினாலோ நுரைத்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். தர்பூசணிச் சாற்றை மட்டும் அன்றைக்கே குடித்துவிடுங்கள். எலுமிச்சைத் தோல் முறையை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன், இஞ்சி சேர்க்கலாமா என்று யாராவது சொல்லுங்கள்.