டான்டலம் குழாய் நொறுங்குகிறது, உதவி வேண்டும்

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவன். ரப்பர் பால்வெட்டும் கத்திக்கு டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கொடுக்க ஹாலோ கேத்தோடு ஆர்க் (வெற்றிடத்தில், எதிர்மின்வாயான ஒரு உள்ளீடற்ற உலோகக் குழாயின் வழியே வாயுவை விட்டு எரிக்கும் மின்வில்) ஒன்றை நாங்களே அமைத்திருக்கிறோம். மூன்றாவது குழாயும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

3 மி.மீ. உள்விட்டமுள்ள டான்டலம் (அதிக வெப்பம் தாங்கும் உலோகம்) குழாய், அதன் வழியே ஆர்கான், வெற்றிடத்துக்கு டிஃப்யூஷன் பம்ப், மின்சாரத்துக்கு டிக் வெல்டிங் மெஷின், 30 ஆம்பியர். ஜனவரியில் 40 வோல்ட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் எரிந்தது. நுனிக்குச் சற்று உள்ளே வெண்சூடான வளையம் தெரியும். எலக்ட்ரான்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஜூனில் மழை தொடங்கியதிலிருந்து பத்தே நிமிடத்தில் 60 வோல்ட்டுக்கு ஏறி அணைந்துவிடுகிறது. ஆறியபின் எடுத்தால் நுனி சாம்பல் நிறம். இடுக்கி பட்டதும் முறுக்கு மாதிரி உடைகிறது.

சிலிண்டர் மாற்றியாச்சு, ஓ-ரிங் எல்லாம் புதுசு. ஆர்கானைக் கூட்டினால் வளையம் நுனிக்கு நகர்கிறது, குறைத்தால் உள்ளே போகிறது, அவ்வளவுதான். நைட்ரஜனை இன்னும் திறக்கவே இல்லை. அதனால் அது காரணமாக இருக்க முடியாது, என் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். சூடான டான்டலம் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும். சிலிண்டரிலிருந்து இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ் வருகிறது. சேம்பரும் (ஆர்க் எரியும் வெற்றிட அறை) மழைக்காற்றில் சில நாள் திறந்து கிடந்தது.

ஈரம் ஹோஸ் வழியாக வருகிறதா, சேம்பர் சுவரிலிருந்தா என்பதை, வாயு பகுப்பாய்வுக் கருவி இல்லாமல், கடைசிக் குழாயைப் பலிகொடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?