புதுப்பிப்பு: கரிசல் சேற்றுக்கு ஏற்ற லாக்கர்

டி.கல்லுப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்வரும் பழைய ஃபோர் வீல் ஜீப்பின் பின் அச்சுக்கு லிமிடெட் ஸ்லிப், தானியங்கி லாக்கர், ஏர் லாக்கர் ஆகிய மூன்றில் எதைப் பொருத்தலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். லாக்கர் என்பது, ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு. இப்போது, சுவிட்சைப் போட்டால் காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர் பொருத்தியாகிவிட்டது.

லிமிடெட் ஸ்லிப்பே போதும் என்றவர்கள் பலர். ஆனால் கிளட்ச் தகடுகளால் இயங்கும் அந்த வகை, ஒரு சக்கரம் பிடிப்பை முற்றிலும் இழந்துவிட்டால் மறு சக்கரத்துக்கு ஓரளவு விசையையே கடத்தும். வெண்ணெய் போல வழுக்கும் ஈரக் கரிசலில் அந்த ஓரளவு போதாது. தானியங்கி லாக்கருக்குக் காற்றும் வேண்டாம், ஒயரிங்கும் வேண்டாம். இருப்பினும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி வளைவில் திரும்பும்போது இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும் அதன் குணம், சிறுமலைக் கொண்டையூசி வளைவுகளில் எங்கள் நீளம் குறைந்த வண்டிக்கு ஒத்துவராது எனத் தோன்றியது.

ஏர் லாக்கரின் சுவிட்சை அணைத்தால் வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சாதாரண டிஃபரன்ஷியல்தான். விலை அதிகம், கம்ப்ரசருக்கு இடம் தேட வேண்டும், காற்றுக்குழாயைச் சைலன்சர் சூடு படாமல் கட்ட வேண்டும். வாங்குமுன் அச்சுத்தண்டின் முனையில் உள்ள பல்வரிகளான ஸ்ப்லைன்களின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது கட்டாயம். பொருத்துபவர், பற்சக்கரப் பற்களுக்கு இடையிலான சிறு இடைவெளியான பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளக்காவிட்டால் (அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்) அச்சுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் ஊளையிடத் தொடங்கிவிடும்.

பூட்டிய நிலையில் முழு முறுக்குவிசையும் பிடிப்புள்ள ஒரே அச்சுத்தண்டில் இறங்கக்கூடும் என்பதால், லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து விசை கூடும் கியர் நிலை), மெதுவாக, ஸ்டியரிங்கை இயன்றவரை நேராக வைத்தே பயன்படுத்துகிறோம். முன் அச்சுக்கு லாக்கர் இப்போதைக்கு இல்லை. அந்தப் பணத்தில் மட் டயர் வாங்கப் போகிறேன்.