சொக்கெட் ‘எழுதலாம்’ என்கிறது, அனுப்பினால் 111 வருகிறது: தடுக்காத இணைப்பில் உதவி தேவை

கேள்வி: கிளிநொச்சி

வணக்கம். அக்கராயன் பக்கத்துச் சிறு குளங்களின் நீர்மட்டத்தைக் கண்காணிப்பதற்காக, கமக்காரர் அமைப்பு ஒன்றுக்குப் பைதனில் செய்நிரல் எழுதி வருகிறேன். ஒவ்வொரு குளக்கட்டிலும் துருசுக்கு அருகே ஓர் அளவுமானியும் ஒரு 4ஜி ரவுட்டரும் உள்ளன. அவை விபிஎன் (இணையத்தின் மேல் அமைத்த தனி வலையமைப்பு) வழியாக அலுவலகத்திலுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியுடன் சேர்கின்றன. செய்நிரல் ஒவ்வொரு மானியின் 502ஆம் போர்ட்டிலும் மொட்பஸ் (தொழிற்கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) முறையில் அளவை வாசிக்கிறது.

வழமையான முறையில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், பதிலளிக்காத ஒரு மானிக்காக மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மாரியில் குளங்கள் வான் பாயும் நேரத்தில் இப்படித் தாமதிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் (வலையமைப்பு இணைப்பின் முனை) செட்பிளாக்கிங் ஃபால்ஸ் என்று வைத்து, அதாவது அழைப்புகள் காத்திராமல் உடனே திரும்பும் ‘தடுக்காத’ முறைக்கு மாற்றி, கனெக்ட்_எக்ஸ் மூலம் எல்லா மானிகளுக்கும் ஒரே நேரத்தில் இணைப்பைத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் 115 என்ற எண் திரும்பி வந்தது. பின்னர், எந்தச் சொக்கெட் ஆயத்தம் என்று சொல்லும் செலெக்ட் மூலம் ‘எழுதலாம்’ என்று தெரிய வந்த சொக்கெட்டுகளுக்குக் கேள்வியை அனுப்பினேன். சிலவற்றில் சரியான அளவு கிடைக்கிறது. சிலவற்றில் சென்ட் அழைப்பே 111 என்ற பிழையைத் தருகிறது. இணைப்பு ஏற்படாத சொக்கெட்டை எழுதலாம் என்று ஏன் காட்டுகிறது?

மறுமொழி: வவுனியா

தம்பி, லினக்ஸில் 115 என்பது பிழையன்று. இணைப்பு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த வேலை முடிந்தவுடன், வெற்றியானாலும் தோல்வியானாலும், சொக்கெட் எழுதத்தக்கதாகிவிடும். ஆகவே ‘எழுதலாம்’ என்பது முடிவு வந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்த முடிவு என்பதைச் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்:

பிழை = சொக்.கெட்சொக்ஒப்ட்(சொல்_சொக்கெட், எஸ்ஓ_எரர்)

0 கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். நீங்கள் கேட்காமல் அனுப்பியதால், உள்ளே காத்திருந்த தோல்வி எண் சென்ட் அழைப்பின் வழியாக வெளியே வந்திருக்கிறது. கெட்சொக்ஒப்ட் அழைப்பு எண்ணைத் தந்தவுடன் அதை அழித்துவிடும் என்பதால், ஒருமுறை கேட்டுச் சேமித்துவிடுங்கள்.

அந்த எண்ணை வெறுமனே ‘தோல்வி’ என்று பதியாமல் அப்படியே பதிவேட்டில் எழுதும்படி வலியுறுத்துகிறேன், ஏனெனில் உங்கள் அமைப்பில் ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டுகிறது. 111 என்றால் அந்த முகவரியிலிருந்து மறுப்பு வந்திருக்கிறது: பெரும்பாலும் மானிக்கு மின்சாரமும் வலையமைப்பும் உண்டு, 502ஆம் போர்ட்டில் இணைப்பை ஏற்கும் சேவை மட்டும் எழும்பவில்லை. 113 என்றால் பெரும்பாலும் குளக்கட்டு ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னாலுள்ள மானிதான் இல்லை. 110 என்றால் எந்தப் பதிலும் இல்லை. விபிஎன், 4ஜி அல்லது ரவுட்டரின் பற்றரியைப் பார்க்க வேண்டும். மழைக்குள் குளக்கட்டுக்கு ஆளை அனுப்புவதா, இருந்த இடத்திலிருந்தே மானியை மறுதொடக்கம் செய்ய முயல்வதா என்பதை இந்த எண்ணே தீர்மானிக்க உதவும்.

மறுமொழி: முள்ளியவளை

மேலேயுள்ள விளக்கத்துடன் காலக்கெடுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுக்காத சொக்கெட்டுக்கு நீங்கள் கெடு வைக்காவிட்டால், அதே இரண்டு நிமிடம் பின்னணியில் ஓடும். தொடங்கிய நேரத்தை டைம்.மொனொட்டோனிக் மூலம் குறித்து, 10 செக்கன் கடந்ததும் சொக்கெட்டை மூடிவிடுங்கள். 3 செக்கன் போதும் என்று சிலர் சொல்வார்கள். 4ஜி வழியில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். லினக்ஸ் 6.5க்கு முந்திய கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), இணைப்பைக் கோரும் முதல் பொதி தொலைந்தால் அடுத்தவை 1, 3, 7ஆம் செக்கன்களில்தான் போகும். 10 செக்கன் கொடுத்தால் அந்த நான்கு முயற்சிகளுக்கும் இடம் இருக்கும்.

தோற்ற சொக்கெட்டில் மீண்டும் கனெக்ட் செய்யாதீர்கள். மூடிவிட்டுப் புதியதைத் திறவுங்கள். மானியின் முகவரியைப் பெயராகக் கொடுத்திருந்தால் ஐபி எண்ணாக மாற்றுங்கள். சொக்கெட் தடுக்காததாக இருந்தாலும், பெயரை எண்ணாக்கும் தேடல் கனெக்டுக்கு உள்ளேயே நடந்து செய்நிரலை நிறுத்தி வைக்கும்.

கேள்வி கேட்டவர்: கிளிநொச்சி

மிக்க நன்றி அண்ணா, நன்றி முள்ளியவளை நண்பரே. எஸ்ஓ_எரர் சேர்த்தபின் அனுப்பும்போது பிழை வருவதில்லை. 111 காட்டிய மானிகள் பிங் கட்டளைக்குப் பதிலளிக்கின்றன. அவற்றில் மொட்பஸ் சேவைதான் எழும்பியிருக்கவில்லை. இன்னொரு சந்தேகம்: இதே செய்நிரலை அலுவலக விண்டோஸ் மடிக்கணினியில் ஓட்டினால், 115க்குப் பதிலாக 10035 வருகிறது. மறுத்த மானிகள் ‘எழுதலாம்’ பட்டியலில் வராமல், கெடு முடியும்வரை அப்படியே கிடக்கின்றன.

மறுமொழி: வவுனியா

விண்டோஸில் 10035 என்பதே அதற்கு இணையான எண். அங்கே தோல்வியுற்ற இணைப்பை செலெக்ட் மூன்றாவது பட்டியலில், அதாவது விதிவிலக்குப் பட்டியலில், தருகிறது. செலெக்டை நேரடியாக அழைப்பதானால் சொக்கெட்டை அந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். பைதனின் செலெக்டர்ஸ் தொகுதியைப் பயன்படுத்தினால், விண்டோஸில் அது இரண்டு பட்டியல்களையும் தானே ஒன்றாக்கித் தரும்; ராஸ்பெரி பையிலும் மடிக்கணினியிலும் ஒரே செய்நிரல் ஓடும்.